ராமநாதபுரம் கடலோரம்: நாள்கணக்கில் நடந்து பார்க்க இங்கே என்ன இருக்கு?

கேள்வி – ஜனவரி 4, காலை

நாங்க நாலு பேரு, எல்லாரும் ராமநாதபுரம் பக்கம்தான். மூணு நாலு நாள் காட்டுக்குள்ள நடந்து, அழிஞ்ச நகரம், பழைய துறைமுகம் இப்படி எதையாவது பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கம்போடியா போக வசதி இல்ல. ஹம்பி போயாச்சு. நம்ம மாவட்டத்துல காடும் கிடையாது, சிதிலமும் கிடையாது. முள்ளும் உப்புக்காத்தும்தான். வெளியூர்ல நல்ல இடமா யாராவது சொல்லுங்க.

ஜனவரி 4, இரவு

வெளியூரைப் பிறகு பார்க்கலாம். காடும் கிடையாது, சிதிலமும் கிடையாதுன்னு இந்த மண்ணில் பிறந்தவரே எழுதினால் மனசு கேட்க மாட்டேங்குது.

போன தை மாசம் நானும் மூணு நண்பர்களும் திருப்புல்லாணியில் கிளம்பினோம். சேதுக்கரை, பெரியபட்டினம், புதுமடம், வேதாளை, மண்டபம்னு கடலை ஒட்டியே கிழக்கே நடந்து, பாம்பன் பாலம் தாண்டி, தனுஷ்கோடி வரைக்கும் போனோம். கூட வந்தவர்களில் ஒருத்தன் மண்டபத்துக்காரன், ஒருத்தன் பரமக்குடிக்காரன், இன்னொருத்தர் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிற வாத்தியார். இந்த ஊர்களுக்கெல்லாம் சின்ன வயசிலிருந்து பஸ்ஸில் போய் வந்தவன்தான் நான். நடந்து போனப்போ அதே ஊர்கள் வேற மாதிரி தெரிஞ்சுச்சு.

முதலில் காடு. யானை வந்தால்தான் காடுன்னு வைத்துக்கொண்டால் நம்மகிட்ட இல்லைதான். ஆனால் சேதுக்கரை தாண்டி உடங்காட்டுக்குள்ளே ஒரு தடவை நுழைஞ்சு பாருங்க. உடைமரம் வேற, சீமைக்கருவேலம் வேற. ரெண்டையும் 'முள்ளு'ன்னு ஒரே கணக்கில் தள்ளிடுறோம். உடை இந்தக் கடற்கரை மண்ணுக்கே சொந்தமான மரம். குடை விரிச்ச மாதிரி உச்சி தட்டையா நிற்கும். அடியில் நல்ல நிழல், ஆடுகள் படுத்திருக்கும். சீமைக்கருவேலம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டது. தரையிலிருந்தே கிளைச்சு, ஆள் நுழைய முடியாதபடி பின்னிக்கும். அதுக்குள்ளே ஆட்டுக்காரர்கள் போட்ட ஒற்றையடித் தடம்தான் வழி. வெட்டின இடங்களில் கரிமூட்டம் புகையும். விறகை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் போகாதபடி நாள்கணக்கில் வேக வைப்பார்கள். அந்தப் புகை வாசம் சட்டையில் ஒட்டிக்கிட்டு மண்டபம் வரைக்கும் கூடவே வந்துச்சு.

அப்புறம் பனங்காடு. வாடைக்காத்து அடிக்கிற நேரத்தில் ஓலை உரசுற சத்தம் கடல் சத்தத்தையே அமுக்கிடும். இதைக் காடில்லைன்னு சொல்றவங்க அதுக்குள்ளே ஒரு முழு மத்தியானம் இருந்து பார்த்துட்டுச் சொல்லட்டும்.

சிதிலத்தைப் பற்றித் தனியா எழுதுறேன். அது பெரிய பேச்சு.

ஜனவரி 5

ஷூவா செருப்பான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அடி தடிச்ச ஷூ. கருவமுள் சாதாரண ரப்பர் செருப்பைத் துளைச்சுக்கிட்டு உள்ளே வந்துடும். ஈர மணலில் மட்டும் கழற்றிக் கையில் பிடிச்சுக்கிட்டு நடக்கலாம்.

ஜனவரி 6, இரவு

"பெரியபட்டினத்துல தர்கா இருக்கு, சந்தனக்கூடு நடக்கும், சிதிலம் எங்கே இருக்கு?"ன்னு மேலே ஒருத்தர் எழுதியிருக்கார். நியாயமான கேள்வி. ஹம்பியைப் பார்த்த கண்ணுக்கு பெரியபட்டினத்தில் ஒண்ணும் தெரியாது. கல்தேர், கோபுரம், ராணி குளிச்ச மாளிகை எதுவும் இல்லை. தரையைப் பார்த்து நடக்கணும்.

1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் அங்கே கிடைச்ச சீனப் பாண்டங்களைப் பற்றி விரிவா எழுதியிருக்காங்க. 13, 14ஆம் நூற்றாண்டுச் சரக்கு. செஜியாங் மாகாணத்து லோங்சுவான் சூளையில் வெந்த பச்சை மெருகுப் பாண்டம் நம்ம பனங்காட்டு மணலில் கிடந்திருக்கு. பாண்டியர் குதிரைக்குக் காசை அள்ளிக் கொடுத்த காலம் அது. அரபு நாட்டுக் கப்பல் மேற்கேயிருந்தும் சீனக் கப்பல் கிழக்கேயிருந்தும் வந்து போன கரை இது.

திருப்புல்லாணிக் கோவிலில் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கு. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகச் சாமந்தப் பள்ளிக்கு நிலம் விட்டுக்கொடுத்ததைச் சொல்லுது. பெருமாள் கோவில் சுவரில் பள்ளிவாசலுக்கு விட்ட மானியம். வாத்தியார் அந்தச் சுவர் முன்னாடியே கால் மணி நேரம் நின்னுட்டார். "பசங்களுக்குப் பாடம் எடுக்க இந்த ஒரு கல்லு போதும்யா"ன்னார். பரமக்குடிக்காரன் அதுக்குள்ளே பிரசாதப் பாயசத்தில் ரெண்டாவது டம்ளருக்குப் போயிருந்தான்.

பெரியபட்டினத்தில் எங்களுக்கு வழி காட்டினது ஒரு பெரியவர். பனந்தோப்புக்காரர். "என்ன தம்பி தேடுறீக?"ன்னு கேட்டார். "பழைய ஊரு எங்கே இருந்துச்சுன்னு பார்க்க வந்தோம் பாய்"னு சொன்னோம். சிரிச்சுக்கிட்டே, "நீங்க நிக்கிறதே அதுமேலதான்"னார். குனிஞ்சு பார்த்தால் மணலில் சிவப்பு ஓடுகள் சிதறிக் கிடந்துச்சு. அதுக்கு நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு மட்டும் வேற நிறம். மேல்பக்கம் வெளிறின பச்சை, பளபளப்பு போகவே இல்லை. முறிஞ்ச விளிம்பில் பார்த்தால் உள்ளே சாம்பல் கலந்த வெள்ளை. மெருகுக்குள்ளே மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருந்துச்சு. நம்ம ஊர்க் குயவர் மண் வெந்தால் சிவப்பாகும். அந்தத் துண்டுக்குள்ளே இருந்த மண் இந்த ஊர் மண்ணே இல்லை. அந்த விளிம்பைப் பார்த்தாலே போதும், யாரும் விளக்க வேண்டாம்.

பெரியவர் அதைத் தொடவே இல்லை. நாங்களும் குனிஞ்சு பார்த்துட்டு அப்படியே விட்டுட்டு வந்தோம்.

ஜனவரி 7, காலை

அழகன்குளம் பற்றி எழுதின நண்பருக்கு. "போய்ப் பார்த்தேன், வெறும் மேடு, ஏமாந்துட்டேன்"னு சொல்றீங்க. அந்த ஊர்க் கோட்டைமேட்டில் 1986–87இல் தொடங்கி மாநிலத் தொல்லியல் துறை பல பருவங்கள் தோண்டியிருக்கு, கடைசியா 2016–17இல். தோண்டின குழிகளை ஆய்வு முடிஞ்சதும் மண்ணைப் போட்டு மூடிடுவாங்க. திறந்து விட்டால் ஒரு ஐப்பசி மழை போதும், சுவர் கரைஞ்சு மண்ணடுக்கெல்லாம் குழம்பிப் போகும். அதனால் மேடு வெறுமையா இருந்தால் அந்த இடம் பத்திரமா இருக்குன்னு அர்த்தம்.

கிடைச்ச பொருளைப் பார்க்கணும்னா முதலில் ராமநாதபுரம் அரண்மனையில் இருக்கிற ராமலிங்க விலாசம் அகழ்வைப்பகத்துக்குப் போங்க, அப்புறம் மேட்டுக்குப் போங்க. அழகன்குளத்தில் ரோமானியக் காசு கிடைச்சிருக்கு, கி.பி. 4ஆம் நூற்றாண்டில் இருந்த இரண்டாம் வாலண்டினியன் காலத்துக் காசு உட்பட. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிச்ச ஓடுகள் கிடைச்சிருக்கு. கப்பல் உருவம் கீறின ஓடு ஒண்ணும் கிடைச்சிருக்கு. யாரோ ஒருத்தர் கரையில் நின்னு, வந்த கப்பலைப் பார்த்துக்கிட்டே கீறியிருப்பார். அதை மனசில் வைச்சுக்கிட்டு பக்கத்தில் ஆற்றங்கரைங்கிற ஊரில் வைகை கடலில் சேர்ற இடத்தில் போய் நில்லுங்க. ஏமாற மாட்டீங்க.

எங்க நடைபாதையில் அழகன்குளம் வராது. அது வடக்குக் கரை, பாக் நீரிணைப் பக்கம். நாங்க போனது தெற்குக் கரை, மன்னார் வளைகுடா. வாகனத்தில் தனியா ஒரு நாள் போகணும்.

ஜனவரி 9, இரவு

தண்ணீர் பற்றி மூணு பேர் கேட்டிருக்கீங்க. நான் உண்மையில் சொல்ல வந்ததே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாப் போகும்.

தலைக்கு எத்தனை லிட்டர் தூக்கணும்னு கேக்குறதை விட, அடுத்த நல்ல தண்ணி எங்கேன்னு கேட்கணும். இந்தக் கரையில் எங்கே தோண்டினாலும் தண்ணி வரும், குடிக்க ஆகாது. எங்கே குடிக்க ஆகுமோ அங்கேதான் ஊர் இருக்கு. நடக்க நடக்க இது எங்களுக்குத் தெளிவாப் புரிஞ்சுச்சு. பழைய கோவிலோ பள்ளிவாசலோ தர்காவோ தெரிஞ்சால் பக்கத்தில் ஒரு கிணறு இருக்கும். கிணறு பழசா இருந்தால் சுற்றிலும் ஓட்டுச்சில்லு கிடக்கும். சேதுபதிகள் ராமேஸ்வரம் போற யாத்திரைக்காரர்களுக்குச் சத்திரம் கட்டி வைச்சாங்கன்னு படிச்சிருப்போம். மத்தியான வெயிலில் நடக்கும்போதுதான் அந்தச் சத்திரங்களுக்கு நடுவே இருக்கிற தூரம் காலுக்குப் புரியும். தாகம் எடுக்கிற இடத்தில் அடுத்த சத்திரத்து ஊர் வந்துடும்.

ராமேஸ்வரம் கோவிலுக்குள்ளே 22 தீர்த்தம். கிழக்கு வாசலிலிருந்து நாலு எட்டு வைச்சால் கடல். தங்கச்சிமடம் பக்கத்தில் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே கிணறு, இறைச்சால் குடிக்கிற தண்ணி. ராமர் வில்லை ஊன்றின இடம்னு சொல்வாங்க. நம்புறவங்களுக்கு அது தீர்த்தம். நம்பாதவங்களும் ஒரு வாய் குடிச்சுப் பார்க்கணும்.

தனுஷ்கோடியில் இது எப்படி நடக்குதுன்னு கண்ணால் பார்த்தோம். ரெண்டு பக்கமும் கடல், நடுவில் மணல். அந்த மணலில் மீனவக் குடும்பத்து அக்கா ஒருத்தர் கை முழுசா உள்ளே போற ஆழத்துக்கு ஒரு ஊத்து தோண்டி வைச்சிருந்தார். உட்கார்ந்து சிரட்டையால் மோந்து, துணி கட்டின குடத்தில் ஊற்றுவார். ரெண்டு சிரட்டை எடுத்ததும் நிறுத்திடுவார். கலங்கல் அடங்கி, பக்கவாட்டு மணலிலிருந்து தெளிஞ்ச தண்ணி ஊறி வர்ற வரைக்கும் காத்திருப்பார். மண்டபத்துக்காரன் உதவுறேன்னு மண்வெட்டியைக் கேட்டான். "வேணாம் தம்பி. இன்னும் ஒரு முழம் போனா உப்பு ஏறிக்கும். அப்புறம் இந்தக் குழி யாருக்கும் ஆகாது"ன்னார்.

காரணம் இதுதான். மழைத்தண்ணி மணலில் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேலே நிற்குது. நல்ல தண்ணி எடை குறைவு, உப்புத்தண்ணி கனம். மணலுக்குள்ளே அலையும் இல்லை காற்றும் இல்லை, அதனால் ரெண்டும் சீக்கிரம் கலக்காது. மேலாக மெதுவா எடுத்தால் நல்ல தண்ணி. ஆழமாத் தோண்டினாலோ மோட்டார் வைச்சு உறிஞ்சினாலோ கீழே இருக்கிறது மேலே ஏறிடும். அந்த அக்கா சொன்ன ஒரு முழக் கணக்கைப் புரிஞ்சுக்கிட்டால் இந்தக் கரையில் பட்டினங்கள் ஏன் அங்கங்கே மட்டும் எழும்பினதுன்னு பாதி புரிஞ்சுடும்.

அந்தத் தண்ணியைக் குடிச்சோம். பாட்டில் தண்ணியை விட ருசி.

ஜனவரி 10

மேலே எழுதினதில் ஒண்ணு சேர்க்கணும். ஊத்து என்பது அந்தக் குடும்பத்தோட அன்றாடப் பாடு. தாகத்துக்கு ஒரு வாய் கேளுங்க, கொடுப்பாங்க. பாட்டிலைக் கொண்டுபோய் நிரப்பாதீங்க. நாங்க ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கிட்டுத்தான் போனோம்.

ஜனவரி 12, மத்தியானம்

சாப்பாடு. முதல் நாளுக்குப் புளிச்சோறும் துவையலும். வழியில் தை மாசம்னா பனங்கிழங்கு அவிச்சுக் கட்டுக்கட்டா விற்பாங்க, அதைவிட நல்ல நடைச் சாப்பாடு கிடையாது. கீழக்கரைத் தொதலைக் கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கி வைச்சுக்கோங்க. அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்டுக் கிண்டினது. ஒரு துண்டு வாயில் போட்டால் ரெண்டு மணி நேரம் தாங்கும். பரமக்குடிக்காரன் கிலோக் கணக்கில் வாங்கிட்டு வந்து, வேதாளை தாண்டுறதுக்குள்ளே அவன் பைதான் எல்லார் பையையும் விட லேசா இருந்துச்சு.

மீன் பஞ்சமில்லை. கரையில் வலை இழுக்கிற இடத்தில் நின்னு பேசினாலே "சாப்பிட்டுப் போங்கப்பா"ம்பாங்க.

ஜனவரி 13

முள் குத்தினால் என்ன செய்யுறதுன்னு கேள்வி. வாத்தியாருக்குக் குதிங்காலில் ஏறிடுச்சு. புதுமடத்தில் ஒரு ஆத்தா எருக்கம்பால் விட்டு, ஊக்கால் நெம்பி எடுத்தார். எடுத்தது சரி. ஆனால் அதோட விட்டுடக் கூடாது. முனை உள்ளேயே முறிஞ்சிருந்தால் சீழ் பிடிக்கும். அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டி, டிடி ஊசியும் போட்டுக்கிட்டுத்தான் மேலே நடந்தோம். ஊசி போட்டு நாளாகியிருந்தால் கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுக்கோங்க.

ஜனவரி 16, இரவு

தனுஷ்கோடி பழங்காலச் சிதிலம் ஆகாதுன்னு ஒரு நண்பர் உறுதியா மறுத்திருக்கார். வருஷக் கணக்குப்படி அவர் சொல்றது சரிதான். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகுதான் தனுஷ்கோடி பெரிய ஊரா எழும்புச்சு. எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போவாங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் அத்தனையும் போச்சு, பாம்பனிலிருந்து வந்துக்கிட்டிருந்த பாசஞ்சர் ரயிலோட. ஐம்பது வருஷ ஊர், ஒரே ராத்திரியில் முடிஞ்சுடுச்சு.

நடந்து போனவனாச் சொல்றேன், எனக்கு அங்கே வயசு முக்கியமாப் படலை. சர்ச்சுச் சுவர்கிட்டப் போய்ப் பாருங்க. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் கல் தெரியும். பாறைக்கல் கிடையாது, கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல். கல் முழுக்கச் சின்னச் சின்ன வட்டம், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளேயும் நடுவை நோக்கி ஓடுற மெல்லிய கோடு. ஒவ்வொண்ணும் ஒரு உயிர் இருந்த கூடு. அந்த ஊரைக் கட்டினதும் கடல் கொடுத்த கல்தான், ஊரைக் கொண்டுபோனதும் அதே கடல்தான். இப்போ பவளப்பாறையை உடைக்கிறது சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்துச்சு.

இன்னும் ஒண்ணு. அது ஆள் இல்லாத ஊர் கிடையாது. குடிசை போட்டு மீனவக் குடும்பங்கள் இருக்காங்க, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போறாங்க. அந்தப் புயலில் அப்பனையும் ஆத்தாளையும் பறிகொடுத்தவங்க இன்னும் இருக்காங்க. அதனால் சர்ச்சுக்குள்ளே ஏறி நின்னு ஆடிப்பாடிப் படம் எடுக்கிறவங்களைப் பார்க்கும்போது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. பெரியபட்டினத்து ஓட்டுச்சில்லுக்கு அழ ஆள் இல்லை, எழுநூறு வருஷம் ஆச்சு. தனுஷ்கோடிக்கு அழ ஆள் இருக்கு.

ஜனவரி 17, காலை

நேத்து எழுதின கடைசி வரியை ராத்திரி முழுக்க யோசிச்சுக்கிட்டிருந்தேன். அது முழுசா நிற்காது. அந்தப் பனந்தோப்புப் பெரியவர் ஓட்டுச்சில்லைத் தொடாமல் நின்னாரே, அவருக்கு அது யாரோ ஒருத்தரோட ஊரா இருந்தால் அப்படி நின்னிருக்க மாட்டார். வேதாளையிலும் இப்படித்தான். 1538இல் போர்ச்சுக்கீசியரோடு மரைக்காயர்கள் மோதின கடற்சண்டை அங்கேதான் நடந்துச்சு. வாத்தியார் அதைச் சொன்னதும் டீக்கடையில் இருந்த ஒரு அண்ணன், "நாங்க தோத்த சண்டைதானே, கேட்டிருக்கேன்"னு சொன்னார். 'நாங்க'ன்னுதான் சொன்னார்.

ஜனவரி 18

சில்லு ஒண்ணு ரெண்டு எடுத்து வந்தால் என்ன தப்புன்னு கேட்டவருக்கு. ஓடு கிடக்கிற இடம்தான் அதோட விலாசம். எந்த மேட்டில், எந்த ஓட்டோட சேர்ந்து கிடந்துச்சு என்கிறதை வைச்சுத்தான் ஆய்வாளர்கள் காலம் சொல்வாங்க. உங்க வீட்டு ஷோகேஸில் அது வெறும் பீங்கான் துண்டு. மழைக்கு அப்புறம் பெருசா எதாவது, காசோ எழுத்துள்ள ஓடோ, வெளியே தெரிஞ்சால் படம் எடுத்துக்கிட்டு கிராம நிர்வாக அலுவலர்கிட்டயோ ராமலிங்க விலாசத்திலோ சொல்லுங்க. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இருக்கு. சட்டம் இல்லாட்டியும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஜனவரி 19, இரவு

எந்தத் திசையில் நடக்கிறதுன்னு விவாதம் போகுது. மேற்கிலிருந்து கிழக்கே போனால் காலை வெயில் முகத்தில் அடிக்கும், தை மாச வாடையும் எதிர்க்காத்தா இருக்கும். தனுஷ்கோடியில் ஆரம்பிச்சுத் திரும்பி நடந்தால் சுகம்னு மண்டபத்துக்காரனும் சொல்றான். காலுக்குச் சுகம்தான், ஒத்துக்கிறேன்.

ஆனால் யாத்திரைக்காரர்கள் நடந்த திசை கிழக்கு. உப்பூரில் பிள்ளையாரைக் கும்பிட்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற நவபாஷாணத்தைச் சுற்றி, திருப்புல்லாணி, சேதுக்கரைன்னு வந்து, ராமேஸ்வரம் போய், தனுஷ்கோடியில் முடிக்கிற பாதை அது. நிலம் மெல்ல மெல்ல ஒடுங்கிக்கிட்டே வரும். முதலில் ஒரு பக்கம்தான் கடல். பாலத்தில் ரெண்டு பக்கமும் கடல். முகுந்தராயர் சத்திரம் தாண்டினதும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கையெட்டும் தூரத்தில் கடல். அரிச்சல்முனையில் நிலமே தீர்ந்துடும். இதைத் திருப்பி நடந்தால் அந்த ஒடுக்கம் கிடைக்காது. தொப்பி போட்டுக்கிட்டு கிழக்கே நடங்க.

ஜனவரி 20

கடலோரம் நடக்கும்போது ஆதார் அட்டை கையில் இருக்கணும். கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் நிறுத்தி விசாரிப்பாங்க, இலங்கை பக்கத்தில் இருக்கிற கரை, அவங்க வேலை அது. முன்னாடியே பக்கத்து ஸ்டேஷனில் சொல்லிட்டுப் போறது நல்லது. உச்சிப்புளிப் பக்கம் கடற்படை விமானதளம் இருக்கு, அங்கே கேமராவை எடுக்காதீங்க. தீவுகளுக்குப் படகு பேசாதீங்க, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் தங்க விட மாட்டாங்க, ராத்திரி ராமேஸ்வரத்தில்தான்.

கூடாரம் அடிக்கணுமான்னா, வேண்டாம். எங்களுக்கு ஒரு தடவை கோவில் மண்டபத்திலும் ஒரு தடவை மீனவர் சங்கக் கொட்டகையிலும் படுக்க இடம் கொடுத்தாங்க. கேட்டால் கிடைக்கும்.

ஜனவரி 22, மத்தியானம்

ஒரு சகோதரி கேட்டிருக்கார், பெண்கள் குழுவாப் போகலாமா, இந்தப் பாதையில் பெண்களைப் பார்க்கவே முடியலையேன்னு. பாதையில் இல்லை, தண்ணிக்குள்ளே இருக்காங்க. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கிற பெண்களைப் பார்க்காமல் இந்தக் கரையைப் பார்த்தேன்னு சொல்ல முடியாது. விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டிக்கிட்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி வருவாங்க. சுற்றின துணியையும் மீறிப் பாறை அறுத்த தழும்பு கையெல்லாம் இருக்கு. இந்தக் கடலில் எந்தப் பாறை எங்கே, எந்த மாசம் எந்தப் பக்கம் தெளியும்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன்.

தாராளமாப் போகலாம். கூட உள்ளூர் ஆள் ஒருத்தர் இருக்கட்டும், அது ஆம்பளைங்க போனாலும்தான்.

ஜனவரி 25, இரவு

கேள்வி கேட்ட தம்பி பதில் போட்டுட்டார். நாலு பேரும் மாசி முதல் வாரம் கிளம்புறாங்களாம். நல்ல காலம்தான். பங்குனி பிறந்துட்டால் மணல் சுடும், நடக்க முடியாது. சேதுக்கரைக்குத் தை அமாவாசையைத் தவிர்த்துட்டுப் போகச் சொல்லலாம்னு நினைச்சிருந்தேன், இப்போ அது கழிஞ்சுடுது. ஆனாலும் அடுத்த வருஷம் யாராவது போறதா இருந்தால் அந்த நாளிலேயே போங்கன்னுதான் சொல்வேன். கூட்டம் அலைமோதும், குளிக்க இடம் கிடைக்காது. ஆனால் அத்தனை ஊர்ச் சனமும் தாய் தகப்பனுக்கு எள்ளும் தண்ணியும் விடுறதைப் பார்த்தால், இந்தப் பாதை எதுக்காக உண்டாச்சுன்னு தெரியும்.

மாசியில் போறதில் இன்னொரு லாபம், முகுந்தராயர் சத்திரம் பக்கத்து உப்பங்கழியில் பூநாரைகள் இருக்கலாம். பெரியபட்டினத்தில் அந்தப் பெரியவரைத் தேடிப் போக வேண்டாம், எந்தத் தோப்பில் கேட்டாலும் அவரை மாதிரி ஒருத்தர் இருப்பார். வணக்கம் சொல்லி, அனுமதி கேட்டுட்டு உள்ளே போங்க, தனியார் நிலம்.

வாத்தியார் குதிங்கால் சரியாயிடுச்சு, அடுத்த நடைக்குத் தயாரா இருக்கார். இந்தத் தடவை வடக்குக் கரை. தேவிபட்டினத்தில் ஆரம்பிச்சு, திருப்பாலைக்குடி, உப்பூர், காரங்காட்டு அலையாத்திக் காடு, தொண்டி வரைக்கும். அழகன்குளத்தை முன்னாடி நாள் பார்த்துடலாம். பரமக்குடிக்காரன் வர்றான். மண்டபத்துக்காரன் வலைக்குப் போற நாளைப் பார்த்துச் சொல்றேன்னிருக்கான். திருப்பாலைக்குடி, முள்ளிமுனைப் பக்கத்தில் நல்ல தண்ணிக் கிணறு எங்கே இருக்குன்னு தெரிஞ்சவங்க இதுக்குக் கீழே எழுதுங்க.